பதில் வராத வட்டம்

பென்சிலைச் சீவி முடித்ததும் அதன் முனையை இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு தரம் கீறிப் பார்க்கிறார். கோடு விழுந்தால்தான் தாளில் வைப்பார். மேசையில் இருப்பவை ஓர் அழிப்பானும், வட்டம் போடுவதற்கு ஒரு பழைய மருந்துப் புட்டியின் மூடியும். கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைக் கடைசியில்தான் தொடுவார்.

மருத்துவமனையில் அவருக்கு ‘அம்பு சார்’ என்று பெயர். வாரத்தில் ஒரு நாள் டாக்டர்கள் கூடி, ஆபத்தான அறுவைச் சிகிச்சைகளில் எதைச் செய்வது, எதை விடுவது என்று விவாதிக்கிறார்கள். யார் என்ன காரணம் சொன்னாலும் இவர் அதற்கு ஒரு வட்டம் போடுவார். ஒரு காரணம் இன்னொன்றை மறுத்தால் அதிலிருந்து இதற்கு ஓர் அம்பு. முனை வட்டத்தைத் தொடாமல் நூலளவு தள்ளி நின்றாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். பிறகு படத்தைக் கணினியில் ஏற்றுவார். எந்தக் காரணம் நிற்கிறது, எது விழுகிறது என்று அது கணக்கிட்டுச் சொல்லும்.

“அதுக்கு வைத்தியம் தெரியாதுங்க. யாரு யாரை அடிச்சாங்கன்னு மட்டும்தான் தெரியும்” என்கிறார்.

அடிபடாத காரணம் நிற்கும். நிற்கிற காரணம் அடித்தால், அடிபட்டது விழும். அடித்தவை எல்லாம் விழுந்துவிட்டால், அடிபட்டது மறுபடி எழுந்து நிற்கும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் முடிவில்லாமல் கிடந்தால் அதற்கு அவர் வைத்த பெயர் ‘தொங்கல்’. கேண்டீனில் கால்பந்து பற்றிய வாய்ச்சண்டையில்கூட அவர் கேட்பது ஒன்றுதான்: “சரி, அடிச்சவனை யாரு அடிச்சா?”

பதிவேட்டுப் பிரிவில் தட்டச்சராக இருந்தவர். பதினான்கு வருடங்களுக்கு முன் இந்தக் கணக்கைப் போடும் மென்பொருள் வந்தபோது, அதன் கையேட்டில் இருந்த நாற்பது பக்க ஆராய்ச்சிக் கட்டுரையை அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் படித்தார். யாரும் படிக்கச் சொல்லவில்லை. பதினேழாம் பக்கத்தில் ஓர் அம்பு தலைகீழாக அச்சாகியிருப்பதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. “பதில் வரலைன்னா நான் சொன்னது நிக்குதுன்னுதானே அர்த்தம்?”

இளைய அறுவை நிபுணர் அவரைச் சீண்டுவதுண்டு. “அம்பு சார், என் வட்டத்தைக் கொஞ்சம் பெருசா போடுங்க.”

“மூடி ஒண்ணுதான் டாக்டர். தலைமை டாக்டருக்கும் இதே மூடிதான்.”

அந்த அறையில் அவருக்குப் பேச்சு கிடையாது. சுவரோரம் ஒரு சிறு மேசை, நாற்காலி. ஊருக்கே தெரிந்த விஷயமாக இருந்தாலும் யாரும் சொல்லவில்லை என்றால் வரையமாட்டார். “வாயில வராததை வரையக்கூடாது.”

ஒரு நாள் டீ குடிக்கும்போது, யாரும் கேட்காமலேயே சொன்னார். “எங்கப்பா படுக்கையில கிடந்தப்போ டெலிபோன் ஆபீஸ் வேலைக்கும் போயிக்கிட்டு அக்காதான் பாத்துக்கிட்டா. அவர் போன அன்னிக்கு நான் சொன்னேன், நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு. அவ ஒண்ணும் பேசலை. நான் சொன்னது நின்னுடுச்சுன்னு நினைச்சுட்டேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “அவ அப்ப மூணு நாளா தூங்கலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பேச்சு நின்னு பதினோரு வருஷம் ஆச்சுங்க.”

அடுத்த கூட்டத்தில் நான்காவது கோப்பு. நோயாளிகளின் பெயரை அங்கே சொல்வதில்லை, எண் மட்டும்தான். அறுபத்துமூன்று வயதுப் பெண். இதய வால்வு. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. இடது காது கேட்காது.

காது என்றதும் பென்சில் நின்றது. பிறகு நகர்ந்தது.

“ஆபரேஷன் பண்ணியாகணும். இல்லைன்னா ஆறு மாசம் தாங்காது” என்றார் அறுவை நிபுணர். வட்டம்.

“கிட்னி தாங்காது” என்றார் மயக்க மருந்து டாக்டர். வட்டம், அம்பு.

“அது பழைய ரிப்போர்ட். புதுசுல நல்லாத்தான் இருக்கு” என்றார் இன்னொருவர். மற்றொரு வட்டம், அம்பு. முதல் வட்டம் எழுந்து நின்றது.

தலைமை நர்ஸ் படிவத்தைப் புரட்டினார். “ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு மாசம் கூடவே ஆள் இருக்கணும் மேடம். இவங்களுக்கு யாரும் இல்லை. உறவினர்ங்கற எடத்துல ‘இல்லை’ன்னு அவங்களே எழுதியிருக்காங்க.”

வட்டம். அதிலிருந்து முதல் வட்டத்துக்கு ஓர் அம்பு.

“இதுக்கு யாராவது பதில் சொல்றீங்களா?” தலைமை டாக்டர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் பேசவில்லை. “சரி, அம்பு சார், என்ன வருது?”

கணினி தேவைப்படாத கணக்கு அது. நர்ஸ் சொன்னதை எதுவும் அடிக்கவில்லை. அது நிற்கும். அறுவைச் சிகிச்சை விழும். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் முனை அந்தக் கடைசி வட்டத்துக்குப் பக்கத்தில், வெற்றிடத்தில் ஊன்றியிருந்தது. அது அங்கே எதையும் வரையவில்லை.

அவர் எழுந்து நின்றார். அந்த அறையில் அதுவரை அவர் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

“அவங்களுக்கு ஆள் இருக்கு மேடம்.”

“யாரு?”

“நான்தான். அவங்க தம்பி.”

“அப்போ இந்தக் கேஸை நீங்க எழுதக்கூடாதே சார்” என்றார் அறுவை நிபுணர். குரலில் சீண்டல் இல்லை.

“ஆமா, எழுதக்கூடாது.” தாளையும் பென்சிலையும் மூடியையும் கொண்டுபோய் நர்ஸ் முன்னால் வைத்தார்.

“அவங்க சம்மதிப்பாங்களா?” என்று கேட்டார் தலைமை டாக்டர்.

“தெரியாதுங்க மேடம். வார்டுக்குப் போய் இப்பவே கேக்கறேன். வேண்டாம்னு சொல்லிட்டா, அதுக்கும் ஒரு அம்பு போட்டுடுங்க.”

“முடிவை நாளைக்கு வெச்சுக்கலாம். இப்ப அவர் சொன்னதைப் போடுங்க சிஸ்டர்.”

நர்ஸ் மூடியைச் சரியாக அழுத்தவில்லை. வட்டம் முட்டை வடிவில் விழுந்தது. உள்ளே ‘தம்பி இருக்கிறார்’ என்று எழுதினார். அம்பு கோணலாகக் கிளம்பி, போய்ச் சேரவேண்டிய வட்டத்துக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டது.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். தாளைக் குனிந்து பார்த்தார். தன் மேசையிலிருந்த அழிப்பானை எடுத்தார். எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.