கதவு சரிதான்... கார்தான் சரியில்லை!

முதலில் என் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பும்போது ஒரு துரை விற்றுவிட்டுப் போனது. கை மாறி, கை மாறி ஒதியம்பட்டில் என் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. ஓடுகிற நாளில் கல்யாண வண்டி, ஓடாத நாளில் கோழி முட்டையிடும் இடம்.

போன மாதம் ஒரு கரும்பு டிராக்டர் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று அதன் வலது பக்கப் பின்கதவை அப்பளமாக நொறுக்கிவிட்டது. ஒரிஜினல் கதவுக்கு எங்கே போவது, பாரீசுக்கா? வில்லியனூர் பஷீர் பாயின் டிங்கர் பட்டறைக்குத்தான் போனேன்.

பாய் கில்லாடி. இடது கதவைக் கழற்றி அளவெடுத்து, அதேபோல் வலது பக்கத்துக்குத் தகரத்தில் ஒன்று அடித்துவிட்டார். பெயிண்ட் பூசியதும் ஒரிஜினலே தோற்றது போங்கள். மாட்டிப் பார்த்தால்... உள்ளே போகவில்லை! ஒரு விரல்கடை பெரிசு.

"இன்னா பாய், கதவு தப்பா போச்சே?"

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "கதவு கரெக்டா இருக்குது சார். உங்க காருதான் சரியில்ல!"

அளந்து பார்த்தோம். எந்தக் காலத்திலோ எதிலோ மோதி, வலது பக்கச் சட்டம் உள்வாங்கியிருக்கிறது. சரி, காரையா நிமிர்த்தினோம்? அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? புதுக்கதவைப் பிடித்து அரத்தால் ராவினோம், சுத்தியலால் தட்டினோம். கீலுக்கு வாஷர் கொடுத்து முழங்காலால் முட்டியதும் சாத்திக்கொண்டது. திறக்குமா என்று பார்த்தோம் — திறந்தது. அப்போது திறந்தது.

பெயிண்ட் காய்வதற்குள் கரியமாணிக்கம் கலியமூர்த்தி வந்து நின்றார். என் பள்ளிக்கூடத்து சிநேகிதர். மகனுக்குக் கல்யாணம், கரையாம்புத்தூர்ப் பெண். "பொண்ணழைப்புக்கு ஒங் காருதான்பா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்காவுக்குத்தான் மனசே இல்ல. பொண்ணு ஒசரம் ஜாஸ்தியாம், சத்தமா பேசுதாம். நம்ம வூட்டுக்கு ஒத்து வராதுன்னு ஒரே பொலம்பல். இன்னா சாக்கு கெடைக்கும்னு பாத்துக்கினு இருக்குது."

அந்த அக்கா அஞ்சலையம்மாள். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் மேளத்தோடு கரியமாணிக்கம் போய்ச் சேர்ந்தோம். மணப்பெண் வசந்தா பின்சீட்டில், வலது ஓரத்தில். அங்கே உட்கார்ந்தால்தானே இறங்கும்போது வலது கால் முதலில் வரும்? வாசலில் அஞ்சலையம்மாள் ஆரத்தித் தட்டோடு தயார். நான் பந்தாவாக இறங்கிப் போய்க் கதவை இழுத்தேன்.

அசையவில்லை!

கரையாம்புத்தூர் ரோட்டுக் குண்டும் குழியும் குலுக்கிய குலுக்கலில் கதவு சட்டத்துக்குள் நன்றாக இறங்கி உட்கார்ந்துவிட்டது. நாலு பேர் பிடித்து இழுத்தும் பிரயோஜனமில்லை. சரியென்று இடது பக்கக் கதவைத் திறந்தேன். அஞ்சலையம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

"அந்தப் பக்கம் எறங்குனா எடது காலுதான மொதல்ல வரும்?"

யோசித்துப் பாருங்கள்... வாஸ்தவம்தானே? அதற்குப் பிறகு தெருவே ஆராய்ச்சியில் இறங்கியது. மாப்பிள்ளையின் சித்தப்பா காருக்குள் ஏறி, இடது பக்கமாக வலது காலை முதலில் வைத்து இறங்கிக் காட்டுகிறேன் என்றார். கால் பின்னிக்கொண்டு நாயனக்காரர் மேல் விழுந்தார். உள்பக்கம் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக இறங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

"வர்றசொல்லவே முதுகக் காட்டிக்கினா வருவா?" என்று அதையும் வெட்டினார் அஞ்சலையம்மாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் அப்பவே சொன்னேன், ஒத்து வராதுன்னு. கதவே தொறக்கல பாரு" என்றார்.

மேளம் நின்றுவிட்டது. கலியமூர்த்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோணல் என் காரில், பழி அந்தப் பெண்ணுக்கா?

காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமாகத்தான் வந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். ஒரே உதை! கீல், வாஷர், பாயின் ரோஷம் எல்லாம் சேர்ந்து தடாலென்று தெருவில் விழுந்தன. கதவு இருந்த இடத்தில் மருதாணி வைத்த ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"எந்தக் காலு?" என்றார் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர்.

அஞ்சலையம்மாள் காலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார். "வலது காலுதான்டா! தள்ளுங்க, ஆரத்தி எடுக்கணும்!"

நேற்று கலியமூர்த்தி வந்திருந்தார். அவர் வீட்டுக் கொல்லைக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும். வருஷா வருஷம் கதவைத்தான் இழைப்பார்கள். இழைத்து இழைத்து, இப்போது நாய் நுழைகிற அளவுக்குச் சந்து. மருமகள் பார்த்திருக்கிறாள். ஆசாரியைக் கூப்பிட்டு, "கதவுல கை வெக்காதீங்க, நெலச்சட்டத்த நிமுத்துங்க" என்று சொல்லிவிட்டாளாம். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மருமவ சொன்ன மாதிரி செய்யிபா" என்று ஆசாரியை விரட்டியது யார் தெரியுமா? சாட்சாத் அஞ்சலையம்மாள்தான்!

என் காரும் இப்போது பாய் பட்டறையில்தான் நிற்கிறது. இந்தத் தடவை அரம் கதவுப் பக்கமே போகாது.