இழுக்க வண்டியில்லாத கேரவன்

என் கணவர் வாங்கிய கேரவனை முதலில் அவருடைய செல்போனில்தான் பார்த்தேன். கேமரா வைத்த போன்கள் புதிதாக வந்திருந்த சமயம். படத்தில் வெள்ளையாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் என்று நினைத்தேன்.

"ஃப்ரிட்ஜ் இல்ல, வீடு. சக்கரம் வச்ச வீடு," என்றார். "இனிமே வெள்ளிக்கிழமை லீவு ஆனா நாம கடற்கரையிலதான்."

ஷார்ஜாவில் எங்கள் ஃப்ளாட்டின் குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்றச் சொன்னால், "நான் சிவில் இன்ஜினியர், பிளம்பர் இல்ல" என்பார். அந்த மனிதர்தான், ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பும் ஒரு வெள்ளைக்காரரிடம், கூரை ஒழுகி, தரை உப்பி, ஏசி செத்துப்போன கேரவனை "கொஞ்சம் ரிப்பேர் பாத்தா போதும்" என்று வாங்கியிருந்தார். எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியாயிற்று. ஏன் மலிவு என்று நான் கேட்டேன்.

"பாவம், அவருக்கு அவசரம்," என்றார்.

யோசனைகூட அவருடையது இல்லை, பக்கத்து ஃப்ளாட் திருநெல்வேலிக்காரருடையது. ஏதோ கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர். எதைப் பற்றியும், யாரும் கேட்காமலே, அவரால் அரை மணி நேரம் பேச முடியும். அவர் ஒரு பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், என் கணவர் அதை வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டில் இப்படித்தான் டெலஸ்கோப் வந்தது.

கேரவன் வந்தது, ஆனால் உருண்டு வரவில்லை. எங்கள் சின்னக் காரில் அதை மாட்டுவதற்குக் கொக்கியும் இல்லை, இழுப்பதற்குத் தெம்பும் இல்லை. இதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஆகவே ரோட்டில் படுத்துவிட்ட கார்களைத் தூக்கிப்போகும் ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி, அடிபட்ட வாகனம் போல வந்து இறங்கியது. கட்டடத்துக்குப் பின்னால் மணல் பொட்டலில் நிறுத்தினார்கள். கதவைத் திறந்ததும் ஈரத்துணியை மாதக்கணக்கில் மூடிவைத்த வாடை அடித்தது.

"கூரை ஒழுகுமே?" என்றேன்.

"மழையா? இந்த ஊர்லயா? நல்லா கேட்டிய போங்க, தங்கச்சி!" என்று திருநெல்வேலிக்காரர் சிரித்தார்.

அந்தக் குளிர்காலத்தில் மழை பெய்தது. உள்ளே மெத்தை ஊறியது.

ரிப்பேர் என்ற பெயரில் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்தார்கள். கூரை விரிசலில் சிலிக்கானைப் பிதுக்கினார்கள். வெளியே பெயின்ட் அடித்தார்கள். ஏசியைக் கழற்றினார்கள், மறுபடி மாட்டினார்கள். கையில் இரண்டு திருகுகள் மிச்சமிருந்தன. தரைப்பலகை அடியில் உளுத்திருந்தது. விரலால் அழுத்தினாலே பொடிந்தது.

"மேல ஒரு ரப்பர் ஷீட்ட ஒட்டிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் திருநெல்வேலிக்காரர்.

"கால் வைக்கிறவங்களுக்குத் தெரியும்ணே," என்றேன்.

"பொம்பளையளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்றார் அவர் என் கணவரிடம். என் கணவர் ஆமோதித்துத் தலையாட்டினார்.

முதல் பயணம் உம் அல் குவைன் கடற்கரைக்கு. மறுபடியும் ரெக்கவரி வண்டி. பின்னால் இரண்டு குடும்பமும் இரண்டு கார்களில் ஊர்வலம். புளிசாதமும் கோழி வறுவலும் நான்தான் செய்தேன். போய்ச் சேர்ந்ததும், ஆண்கள் வெளியே கூடாரக் கயிறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் உள்ளே அந்த ஒடுங்கிய கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தேன். ஜன்னல் வழியே உப்புக்காற்று வந்தது. நன்றாகத்தான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பிட எல்லோரும் உள்ளே வந்தோம். திருநெல்வேலிக்காரர் தட்டோடு நடுவில் நின்று, ஐரோப்பாவில் மக்கள் இதிலேயே வாழ்நாள் முழுக்க எப்படி இருக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மளுக்கென்று ஒரு சத்தம். அவருடைய வலதுகால் தொடைவரை தரைக்குள் போய்விட்டது. தட்டு மட்டும் கையில் நேராக இருந்தது.

என் மகள் வெளியே ஓடிக் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்: "அம்மா, கம் அண்ட் சீ! அங்கிளோட லெக் கீழ தொங்குது!"

முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சிராய்ப்பைத் தவிர அவருக்கு அடி ஒன்றுமில்லை. தூக்கி உட்காரவைத்ததும் என் கணவரைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன்லா, தரை சரியில்லன்னு?" என்றார். என் கணவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்! அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கடைசியில் தைத் என்ற ஊர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஓர் அரபி அதை வாங்க ஒப்புக்கொண்டார். நானும் கூடப் போனேன். என் கணவர் அவரை உள்ளே அழைத்துப்போய், மடக்குக் கட்டிலை விரித்துக் காட்டி, கை கழுவும் தொட்டியைக் காட்டி, ஏசியின் அருமை பெருமைகளை இந்தியில் விளக்கினார். கடைசிவரை ஓடாத ஏசி. அரபி பொறுமையாகக் கேட்டார்.

"யே பக்ரி கே லியே," என்றார். ஆடுகளுக்காம். "கலாஸ்." பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவருடைய ஆட்கள் எங்கள் கண்ணெதிரிலேயே கட்டிலையும் ஜன்னல் கொசுவலையையும் பிடுங்கி வெளியே எறிந்தார்கள். ஓர் ஆடு வந்து மெத்தையை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

திரும்பும் வழியில் என் கணவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"ஜன்னல் கொசுவலையாவது விட்டு வச்சிருக்கலாம். ஆட்டுக்கும் கொசு கடிக்கும்ல?"

நான் சிரிப்பை மறைக்க முகத்தைக் கார் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.