தட்டின் உட்பக்கம்

அப்பா இறந்த ஏழாவது வாரம், துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோனது. பின்பக்க மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் பேனாவில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது: "பெல்ட் மாற்றினேன். அடுத்துத் தேயப்போவது பேரிங். கழற்றியவர் எல்லா ஸ்க்ரூவையும் திருப்பி மாட்டவும்." கீழே தேதி.

தேய்ந்திருந்தது பேரிங்தான்.

எங்கள் வீட்டில் மூடி உள்ள எல்லாப் பொருளுக்குள்ளும் அப்பாவின் எழுத்து இருக்கிறது. ஃபிரிட்ஜின் பின்னால், மின்விசிறியின் கிண்ணத்துக்குள், அம்மாவின் தையல் இயந்திரத்துக்கு அடியில். நேரில் பேசினால் நாலு வார்த்தை தேறாது. சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்.

"யாருக்குப்பா எழுதறீங்க?"

"அடுத்து கழட்டுறவனுக்கு."

"நம்ம வீட்ல நீங்க மட்டும்தானே கழட்டுறீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்குத்தான்."

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. அப்பாவின் வேலையைப் பறித்த அந்தக் காரின் அடித்தட்டு நிஜமாகவே எரிந்துபோயிருக்குமா?

அப்பா இருபத்திரண்டு வருடம், பழைய கார் விற்கும் ஒரு கடையில் மெக்கானிக். வந்து சேரும் ஒவ்வொரு காரையும் சோதித்து, விற்கலாம் அல்லது விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார். விற்கலாம் என்றால், இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சளில் ஒரு கோடு. போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அங்கே அவர் பெயர் மஞ்சள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஒருநாள் இரண்டு கார்கள் சேர்ந்து வந்தன. பிளக்-இன் ஹைப்ரிட் வகை. வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏற்றினால் கொஞ்சத் தூரம் மின்சாரத்தில் ஓடும். அது தீர்ந்தால் பெட்ரோல். இரண்டும் ஒரே வருடம், ஒரே சாம்பல் நிறம். ஓடிய தூரம்கூட ஏறக்குறைய ஒன்று. சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் வேறு. ஒன்று 3. மற்றது 8.

மூன்று நல்ல கார். எட்டின் பேட்டரிக்குள் தண்ணீர் போயிருந்தது. மூன்றை விற்கலாம், எட்டை விற்கக் கூடாது என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்த மூணை நமக்கே எடுத்துக்கலாம்னு பாக்கறேன்" என்றார். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். இரண்டு பஸ் மாறி ஒரு பள்ளி நூலகத்துக்கு வேலைக்குப் போகிறாள்.

எட்டை விற்றார்கள். மூன்றாவது வாரம், வாங்கியவர் வீட்டு முன்னால் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது அடியிலிருந்து புகை. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கடையே காரை எடுத்துக்கொண்டது. முதலாளி ஒரு தாளைக் காட்டினார். விற்கலாம், அப்பாவின் கையெழுத்து, எண்ணின் முடிவு 8. விற்கக் கூடாது என்ற தாளைக் காணவில்லை. மூன்றை எட்டாக்க ஒரு பேனாவும் அரை வினாடியும் போதும்.

"அடித்தட்டைக் கழட்டிப் பாருங்க. உள்ள எழுதியிருக்கேன்" என்றார் அப்பா.

"அதெல்லாம் எரிஞ்சு போச்சு, மஞ்சள்."

காரைத் தூக்கும் லிஃப்டுக்குக் கீழே நிற்க வைத்து, எல்லோர் முன்னாலும் வேலையை விட்டு அனுப்பினார். "வயசாயிடுச்சு, கை நடுங்குது. பாவம், அவரை என்ன சொல்றது" என்று மற்ற பட்டறைகளுக்கும் இரக்கத்தோடு சொல்லிவைத்தார். யாரும் அப்பாவுக்கு வேலை தரவில்லை. பதினோரு மாதம் வீட்டில் இருந்து, கெடாத பொருள்களையெல்லாம் பழுது பார்த்தார். ஒரு காலையில் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். இதயம்.

முதலாளி வரவில்லை, பூ அனுப்பினார். அம்மா அதைக் குப்பைக் கூடையில் போட்டுக் காலால் மிதித்து இறக்கினாள்.

துணி துவைக்கும் இயந்திரம் நின்ற அன்று பேரிங்கை மாற்றி முடித்ததும் அந்தக் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு சாம்பல் நிறக் கார்கள், பக்கத்தில் பக்கத்தில். சேஸிஸ் எண்ணின் முடிவு ஒன்றுக்கு 3, மற்றதற்கு 8. இரண்டின் கீழும் ஒரே வாசகம்: விபத்து இல்லை, பேட்டரி திறக்கப்படவில்லை. எரிந்துபோனது என்றார்களே, அந்த எட்டு கழுவித் துடைத்து விற்பனைக்கு நின்றது.

மறுநாள் போனேன். அப்பா வேலையையும் வீட்டையும் சேர்த்து வைக்காதவர். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

விற்பனைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் வரலையா மேடம்?"

"கார் எனக்கு."

"இல்ல, கொஞ்சம் டெக்னிக்கலா சொல்லவேண்டியிருக்கும்..."

"சொல்லுங்க. புரியலன்னா கேட்டுக்கறேன்."

சொன்னார். "உள்ள ரெண்டு ஆளுங்க மேடம். ஒருத்தர் களைச்சுப் படுத்தா இன்னொருத்தர் இழுப்பார். அவ்வளவுதான் ஹைப்ரிட்." நான் ஒன்பது வருடமாகப் பேட்டரி சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"ரெண்டுல எது நல்லது?"

"இரட்டைப் பிள்ளைங்க மேடம். பெத்தவளே மாத்திக் கூப்பிடுவா. இந்த மூணு மட்டும் இத்தனை நாள் எங்க முதலாளி வீட்ல ஓடிச்சு. அதனால பேச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை."

அப்பா எங்களுக்காகப் பார்த்து வைத்த காரில் அவர் குடும்பம் போய்வந்திருக்கிறது.

என் சோதனைக் கருவியைப் பொருத்தினேன். மூன்றின் பேட்டரி புதிதில் இருந்ததில் எண்பத்தெட்டு சதவீதம் தாங்கியது. எட்டு, அறுபத்தொன்று. வேறு ஏதோ பழைய பேட்டரியைத் தேடிப் போட்டிருந்தார்கள். அதன் செல்களுக்கிடையே மின்னழுத்தம் சீராக இல்லை. சார்ஜ் ஏற்ற நான் துணிய மாட்டேன்.

இரண்டையும் தூக்கிக் காட்டச் சொன்னேன். மூன்றின் அடியில் போல்ட்டுக்குப் போல்ட் மஞ்சள் கோடு, ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றின் மேல் விரலை வைத்தேன்.

"யார் போட்டது இது?"

"முன்ன ஒருத்தர் இருந்தார் மேடம். கோடு போடுறதுல கில்லாடி. இறுக்குறதுலதான் கொஞ்சம் வீக்கு." சிரித்தார்.

நோட்டில் எழுதினேன். பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன்.

எட்டின் அடியில் பேட்டரியை மூடும் பிளாஸ்டிக் தட்டு பழையதுதான். ஒரு மூலை சூட்டில் இளகி அலையாக நின்றிருந்தது. பத்துத் துளை, ஒன்பது ஸ்க்ரூ. புதுத் தட்டு வாங்கக் காசும் வேண்டும், வந்து சேரும்வரை பொறுமையும் வேண்டும். முதலாளி தூக்கிப் போடச் சொல்லியிருப்பார். வெளியே வேலை பார்த்தவன் மலிவாக முடிக்க அதையே மாட்டியிருப்பான். அது போச்சா, இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் பழக்கம் முதலாளிக்கு என்றுமே கிடையாது.

தட்டில் தண்ணீர் வடிய ஒரு கீறல் இருந்தது. கேமரா வைத்த மெல்லிய குழாயை அதில் நுழைத்தேன்.

"அது என்ன மேடம்?"

"துரு இருக்கான்னு."

கைப்பேசித் திரையில் இருட்டு, தூசி, பிறகு மஞ்சள். இடப்பக்கம் சாய்ந்த ஒரே ஒரு கோடு. அதற்கு மேல் குழாய் வளையவில்லை. படத்தைச் சேமித்துக்கொண்டேன்.

"துரு இல்ல" என்றேன்.

அம்மா தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கச் சொன்னேன். ஒரு கார்தான் எங்களால் முடியும். மூன்றை எடுத்தால் எட்டு வேறு யார் வீட்டு வாசலுக்கோ போகும், தட்டும் அதோடு போகும். ஒற்றைக் கோட்டின் படம் சாட்சியாகாது. தட்டை முறைப்படி கழற்ற வேண்டுமானால் கார் எங்களுடையதாக இருக்க வேண்டும்.

"எட்டை வாங்கினா ஓட்டவே முடியாதும்மா. சும்மா நிக்கும்."

"மூணு?"

"அப்பா சொன்ன மாதிரியே இருக்கு. சீட்டுகூட உன் காலுக்கு வாட்டமான உயரம்."

அம்மா எண்ணெய்க் குப்பியை மூடினாள். "என் காலு பதினஞ்சு வருஷமா பஸ் ஏறுது. இன்னும் ஏறும். எட்டை எடு."

"கோவத்துல சொல்லாதே."

"கோவத்துலதான்டி சொல்றேன். கோவம் இல்லன்னா அந்த வாசலை எதுக்கு மிதிக்கணும்? அதை அவன் வாயால படிக்கணும். நான் நின்னு கேக்கணும்."

மோசமானதைத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளரைப் பார்க்க முதலாளியே அறையிலிருந்து வந்தார். "நல்ல செலக்‌ஷன்மா. ராசியான வண்டி."

விற்பனைத் தாளில் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன். விபத்து இல்லை. பேட்டரி திறக்கப்படவில்லை. அடித்தட்டு கழற்றப்படவில்லை.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"அம்மா பயப்படுவாங்க. எழுத்துல இருந்தா நிம்மதி."

படிவத்தில் தகப்பன் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பிக் கொடுத்தேன். முதலாளி அதை உரக்கவே படித்தார். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"அப்பா என்ன பண்றார்?"

"தவறிட்டார்."

"அடடா. அவர் ஆசீர்வாதம் உனக்கு உண்டும்மா." கையெழுத்துப் போட்டார்.

இருபத்திரண்டு வருடம். அப்பாவின் பெயர்கூட இவருக்குத் தெரியாது. மஞ்சள் என்று நான் எழுதியிருந்தால் பேனா நின்றிருக்கும். இந்த ஆளுக்கும் குடும்பம் இருக்கிறதே என்று எனக்குள் எங்கேயோ கொஞ்சம் இரக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, அது அந்த மேசையிலேயே உதிர்ந்தது.

எட்டை ஓட்டவில்லை. லாரியில் ஏற்றி என் சோதனைக்கூடத்தின் வெளிமுற்றத்தில் நிறுத்தி, நுகர்வோர் புகார் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இரு தரப்பும் பார்க்க ஓர் அதிகாரியின் முன்னிலையில் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இடம், அந்தக் கடையின் பட்டறை. நான்தான் கேட்டு வாங்கினேன். அதற்குள் மூன்று விற்றுப்போயிருந்தது.

அன்று அம்மா துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடியைத் துணியில் சுற்றி, இரண்டு பஸ்ஸிலும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கையெழுத்தை ஒப்பிட.

எட்டு அதே லிஃப்டில் ஏறியது. அப்பாவை அனுப்பியபோது சுற்றி நின்ற அதே ஆட்கள் சுற்றி நின்றார்கள். அம்மாவை ஒருமுறை அப்பாவோடு பஸ் நிறுத்தத்தில் பார்த்திருந்த மூத்த மெக்கானிக் தலை குனிந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அது ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தது.

"யாராவது கழட்டுங்கப்பா" என்றார் முதலாளி.

"எனக்கு முதுகு பிடிச்சிருக்கு முதலாளி" என்றார் மூத்தவர்.

"நான் பெயின்ட் மட்டும்தான்" என்றார் அடுத்தவர்.

மூன்றாமவர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "யாரோ ஒருத்தர் கழட்டுங்க. இல்லன்னா ஒத்துழைக்கலன்னு எழுதிடுவேன்."

முதலாளி சட்டைக் கையை மடித்தார். ஸ்க்ரூ டிரைவரை நான் நீட்டினேன். அண்ணாந்து நின்று திருகினார், அசையவில்லை. "இந்தப் பக்கம் இல்ல முதலாளி, அந்தப் பக்கம்" என்று ஒரு குரல் வந்தது. யாரோ இருமலைப் போல ஒன்றை விழுங்கினார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தூசி அவர் கண்ணில் கொட்டியது. ஒன்பதாவது வந்ததும் தட்டு கையோடு இறங்கியது. திருப்பினார்.

திருப்பியவர் எழுத்து தெரியாமல் தட்டை மார்போடு சாய்த்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கு? சத்தமா படிங்க" என்றார் அதிகாரி.

"எண் முடிவு எட்டு. பேட்டரி மூடியின் ரப்பர் கிழிந்துள்ளது. உள்ளே தண்ணீர். விற்கக் கூடாது." நிறுத்தினார்.

"மேல படிங்க" என்றாள் அம்மா.

முதலாளி அப்போதுதான் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த மூடியை, பிறகு என்னை. படிவத்தில் தான் உரக்கப் படித்த பெயர் இப்போது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"முதலாளியிடம் நேரில் சொன்னேன்." கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்தார். "விற்பேன் என்கிறார்." கீழே தேதி. விற்றதற்கு நான்கு நாள் முந்தைய தேதி.

அம்மா மூடியைத் தட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதிகாரி இரண்டையும் படம் எடுத்தார், விற்பனைத் தாளையும் வாங்கி உறையில் போட்டார். முதலாளி என் அருகே வந்து, தாழ்ந்த குரலில், "உங்கப்பா நல்ல மனுஷன்மா. எங்கிட்ட முன்னாடியே வந்து பேசியிருக்கலாம்ல? உக்காந்து பேசினா..." என்றார்.

"அவர் பேசினாரே. இதே இடத்துல."

அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். தட்டைத் தரையில் வைக்கப் போனார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றேன்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். கடைசி வரியை அவரே படித்தார். "கழற்றியவர் எல்லா ஸ்க்ரூவையும் திருப்பி மாட்டவும்." முதல் முறையாகச் சிரித்தார். "இது சாட்சிப் பொருள். பத்திரமா வண்டியோடவே இருக்கணும். மாட்டிடுங்க."

முதலாளி மறுபடியும் அண்ணாந்தார். தட்டு ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் தொங்கியது. யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. ஒன்பது ஸ்க்ரூவையும் நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சட்டை நனைந்துவிட்டது. விலகப் பார்த்தார்.

"ஒன்னு குறையுது" என்றார் மூத்த மெக்கானிக்.

பத்தாவது என் பையில் இருந்தது. அப்பாவின் டப்பாவிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

"நல்லா இறுக்குங்க" என்றாள் அம்மா. "அப்புறம் யாராவது குத்தம் சொல்லப் போறாங்க."