மஞ்சள் வீட்டுக்கு லவோன் குடிபோன கதை

மஞ்சள் வீட்டுப் பையன்கள் செய்த முட்டாள்தனங்களுக்குக் கணக்கே கிடையாது. கூரையிலிருந்து மெத்தையில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார்கள். மாதா கோயில் மணியை அடித்து ஊரை எழுப்பினார்கள். ஆனால் எல்லாவற்றிலும் தலையாய முட்டாள்தனம் லவோன் ப்ரெக்கேயின் வாத்தைத் திருடியதுதான்.

லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளைத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைப்பாள். கணவன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, மகள் டென்வரில். ஆகவே தான் குடியிருந்த வால்நட் தெருவையே தன் வீடாக நினைத்துக்கொண்டாள். யார் வீட்டுப் புல் வளர்ந்திருக்கிறது, யார் வீட்டில் விளக்கு எரியவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துபடி.

அந்தத் தெருவின் நடுவில்தான் மஞ்சள் வீடு. கல்லூரி மாணவர்கள் கூடித் தங்கும் சகோதர சங்கம் ஒன்று காலகாலமாக அங்கே இருக்கிறது. வாசலுக்கு மேல் மூன்று கிரேக்க எழுத்துகள் ஆளுயரத்துக்கு நிற்கும். தெருக்காரர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, மஞ்சள் வீடு என்றால் போதும். நாற்பது தடிப்பசங்கள். கால்பந்து ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் புல்தரையில் பீரோ மாதிரி ஒலிபெருக்கிகளை நிறுத்திப் பாட்டு போடுவார்கள். நம் வீட்டு அலமாரியில் கரண்டி ஆடும்.

லவோனுக்கும் அந்த வீட்டுக்கும் பகை மூண்டது மார்லிஸால். மார்லிஸ் மஞ்சள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. லவோனுக்கு அவளைவிட நெருக்கமான உயிர் இந்த ஊரில் கிடையாது. மார்லிஸின் கணவர் ரே நுரையீரல் நோயோடு கட்டிலில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்த சனிக்கிழமை, ஜன்னல் அதிர அதிரப் பாட்டு. மார்லிஸ் வீட்டுச் செருப்போடு ஓடிப்போய்க் கெஞ்சினாள். எவனோ ஒருத்தன் கோப்பையும் கையுமாக நின்று, "இன்னும் ஒரே ஒரு பாட்டு, பாட்டி" என்றானாம். அந்த ஒரே ஒரு பாட்டு முடிவதற்குள் ரே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு லவோன் மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அழாதடி. அந்த வீட்டை இழுத்துப் பூட்டாம நான் ஓயமாட்டேன்."

சொன்னதோடு விடுகிற ஆளா? நகர மன்றத்தில் மனுப் போட்டாள். அத்தனை பேர் ஒரே வீட்டில் தங்குவதற்கு மன்றம் அனுமதி தர வேண்டும். அந்த அனுமதியைப் புதுப்பிக்கும் தவணை ஐந்து வருஷம் கழித்துத்தான் வந்தது; அதுவரை காத்திருந்து, புதுப்பிக்கக் கூடாது என்று மனு. தெருவே கையெழுத்துப் போட்டது. ஏப்ரலில் விசாரணை என்றார்கள்.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் வாத்து விவகாரம். லவோனின் வாசலில் ஒரு சிமெண்டு வாத்து உண்டு. மழைக்கு மழைக்கோட்டு, கிறிஸ்துமஸுக்குச் சிவப்புக் குல்லா என்று பருவத்துக்கொரு உடுப்பு மாட்டுவாள். தைத்துக் கொடுப்பது மார்லிஸ். மஞ்சள் வீட்டில் சேருகிற புதுப் பையன்கள் எதிரிச் சங்கத்து வாசலில் இருக்கும் வெள்ளை அன்னச் சிலையைக் கடத்தி வர வேண்டும் என்பது ஒரு வழக்கம். அந்த வருஷம் சேர்ந்தவர்களில் எஸ்தேபான் என்று ஒருவன், பனியே விழாத அரிசோனாப் பாலைவனத்துக்காரன். சிமெண்டு வாத்துக்குச் சட்டை போட்டு வாசலில் நிறுத்தும் ஜனங்கள் உலகத்தில் உண்டென்று அவன் எங்கே கண்டான்? வெள்ளையாக, நீளக் கழுத்தோடு, வாசலில் நின்றது. அன்னம் இதுதான் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை லவோன் பேருந்தை ஓட்டிக்கொண்டு மஞ்சள் வீட்டைத் தாண்டினாள். பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தின.

"லவோன் அத்தை! உங்க வாத்து! அங்க பாருங்க, மாடியில!"

மாடி முகப்பில், கழுத்தில் சங்கத்து டையும் தலையில் பீர் டப்பாக் கிரீடமுமாக வாத்து நின்றது. லவோன் பேருந்தை நடுத்தெருவில் நிறுத்தினாள். சிவப்பு விளக்குகளைப் போட்டாள். பக்கவாட்டில் "நில்" பலகையை நீட்டினாள். பள்ளிப் பேருந்து பலகையை நீட்டிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரு வண்டி அசையக் கூடாது. பால் வண்டி நின்றது, போலீஸ் வண்டிகூட நின்றது. அப்படி நிறுத்த அவளுக்கு உரிமை உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேட்கும் துணிச்சல் அந்தப் போலீஸ்காரருக்கே இல்லை.

ஒலிப்பானை அழுத்திப் பிடித்தாள். அரைக்கால் சட்டையோடு ஒருத்தன் ஓடி வந்தான். சங்கத்துத் தலைவன் கார்ட்னர்.

"மேடம், என்ன மேடம் ஆச்சு?"

"என்ன ஆச்சா? திருட்டுப் பொருளை மாடியில வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கீங்க, என்ன ஆச்சுன்னு கேக்கறியா?"

கார்ட்னர் மேலே பார்த்தான். அவன் உள்ளூர்ப் பண்ணைக்காரன் மகன். பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ... அது வாத்து."

"பரவால்லையே, படிச்ச புள்ள! கண்டுபிடிச்சிட்டியே."

பேருந்தே சிரித்தது. வாத்து அப்போதே இறங்கி வந்துவிட்டது. ஆனால் லவோன் அதோடு விடவில்லை. திங்கட்கிழமை மாலை சங்கக் கூட்டம் நடக்கும்போது நேரே போய்க் கதவைத் தட்டினாள். அந்தக் கூட்டத்துக்கு வெளியாள் போகக் கூடாது. கதவுக்கு ஒரு காவல், உள்ளே போக ஒரு ரகசியச் சொல், அதெல்லாம் உண்டு.

"வெளியாளுங்க உள்ள வரக்கூடாது மேடம்" என்றான் காவல் பையன்.

"என் வாத்து வந்துச்சுல்ல? அப்ப நானும் வரலாம். நகரு."

நகர்ந்துவிட்டான். பின்னே?

உள்ளே கோட்டும் டையுமாக நாற்பது பேர். லவோன் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நடுவில் போய் நின்றாள். "போலீசுக்குப் போனா உங்கள்ல எத்தனை பேருக்குக் கல்லூரியில சீட்டு கிழியும்னு எனக்குத் தெரியும். போகல. அதுக்குப் பதிலா பனிக்காலம் முழுக்க இந்தத் தெருவுல வயசானவங்க வீட்டு நடைபாதையில விழற பனியை நீங்கதான் வாரணும். என் பஸ்சு கிளம்பறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். இன்னொண்ணு. இதைச் செஞ்சா ஏப்ரல்ல நான் மனசு மாறிடுவேன்னு கனவு காணாதீங்க."

"புரியுது மேடம்" என்றான் கார்ட்னர்.

முதல் பனிக்கு வந்தார்கள் பாருங்கள், காணக் கண் கோடி வேண்டும். ஒரு வீட்டுப் பனியை வாரி அடுத்த வீட்டு நடைபாதையில் கொட்டினார்கள். எஸ்தேபான் துடுப்பு போடுவதுபோல் மண்வாரியைப் பிடித்திருந்தான். மார்லிஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். லவோன் தெருவில் நின்று திட்டினாள், திட்டத் திட்டத் தேறினார்கள். ஜனவரியில் ஊரே புதைகிற பனி பெய்த காலையில் எழுந்து பார்த்தால், தெரு முழுக்கச் சீராக வெட்டிய பாதை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் மிரட்டவில்லை. அன்று அவள் திட்டாமல் பேருந்தை எடுத்தாள்.

அதற்காக மனம் மாறினாள் என்று நினைத்தால் உங்களுக்கு லவோனைத் தெரியாது. மாற்றியது வேறொன்று. தெருக்கோடியில் ஒரு வாடகை வீடு. எந்தச் சங்கத்திலும் சேராத மாணவர்கள் ஐந்தாறு பேர். பிப்ரவரியில் அவர்கள் ஒரு விருந்து வைத்து, பக்கத்து வீட்டு வேலியை முறித்து, புட்டிகளைத் தெருவில் உடைத்துப் போட்டார்கள். லவோன் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாருப்பா இங்க பொறுப்பு?"

"பொறுப்பா? அப்படி யாரும் இல்லையே" என்றான் ஒருவன், கொட்டாவி விட்டுக்கொண்டே.

"புட்டியை உடைச்சது யாரு?"

"தெரியல. யாரோ வந்திருந்தாங்க."

வீட்டுச் சொந்தக்காரர் சிகாகோவில், தொலைபேசியை எடுக்கவே இல்லை. திட்டுவதற்கு ஒரு முகம் கிடைக்காமல் லவோன் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு தள்ளி முன்பொரு சங்க வீட்டை மூடினார்களே, அந்தப் பையன்கள் எங்கே போனார்கள்? இப்படி ஆளுக்கொரு வாடகை வீட்டில் போய்ப் புகுந்தார்கள். அந்தத் தெருவுக்கு இன்று வரை தூக்கமில்லை.

மஞ்சள் வீட்டை மூடக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆனால் மார்லிஸிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். யாருக்கும் அஞ்சாதவளுக்கு அந்த ஒருத்தியின் முகம்தான் பயம். தப்புதான், பெரிய தப்பு.

விசாரணை அன்று மன்றத்தில் நிற்க இடமில்லை. மார்லிஸ் நல்ல உடை உடுத்தி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பையன்கள் பின்சுவரோரம். மனுதாரர் பேசலாம் என்றார் தலைவர். லவோன் எழுந்து ரேயின் சாவைச் சொன்னாள். செருப்போடு ஓடிய மார்லிஸை, அந்த ஒரே ஒரு பாட்டை, எல்லாவற்றையும் சொன்னாள். "இப்ப இங்க நிக்கற பசங்க யாரும் அன்னைக்கு இல்ல. இவங்களுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருக்கணும்னுதான் சொல்றேன்" என்றாள். கார்ட்னர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆனா வீட்டை மூடாதீங்க."

மன்றமே "ஆ" என்றது.

"மூடினா நாப்பது பேரும் காத்துல கரைஞ்சா போயிடுவாங்க? பத்து வீட்டுல பூந்துக்குவாங்க. அப்ப யார் கதவைத் தட்டறது? மஞ்சள் வீட்டுல தட்டினா ஒருத்தன் வந்து நிக்கறான். தலையைக் குனிஞ்சு வாங்கிக்கறான். அந்த ஒரு கதவையும் சாத்திட்டா நாம சுவத்தைப் பார்த்துத்தான் திட்டணும். முன்னெல்லாம் அங்க ஒரு வீட்டம்மா குடியிருந்து பசங்களைப் பார்த்துக்குவாங்க. மறுபடியும் ஒருத்தி இருக்கணும்னு நிபந்தனை போடுங்க. அது போதும்."

"அந்தக் காட்டுக்குள்ள யாரும்மா போய்க் குடியிருப்பா?" என்று ஒரு உறுப்பினர் கேட்க, சபை சிரித்தது.

"நான் இருக்கேன்" என்றாள் லவோன்.

யோசிக்காமல் வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். சும்மா. யோசிக்காமல் அவள் பேருந்தின் விளக்கைக்கூடப் போட மாட்டாள். அனுமதி கிடைத்தது. வெளியே படிக்கட்டில் மார்லிஸ் காத்திருந்தாள்.

"ரே பேரைச் சொல்லிட்டு... நீயா லவோன்? நீயா?"

"மார்லிஸ், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"வேணாம்" என்றாள் மார்லிஸ். அவ்வளவுதான், போய்விட்டாள்.

கோடையில் லவோன் தன் வீட்டை வாடகைக்கு விட்டு, மஞ்சள் வீட்டின் கீழறைக்குக் குடிபோனாள். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்று தெரு சொன்னது. ஓணான்களைக் கேட்டல்லவா பார்க்க வேண்டும்! லவோன் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் நாற்பது பேரும் எழுந்து நிற்க வேண்டும். அவள் முள்கரண்டியை எடுக்காமல் ஒருத்தன் வாய் அசையாது. தீயணைப்புத் தொண்டர்களுக்காக மாதா கோயில் அடித்தளத்தில் சூப் விருந்து நடந்தபோது, பையன்கள்தான் சமைத்தார்கள், பரிமாறினார்கள், அண்டா தேய்த்தார்கள். "லவோன் அம்மா, உப்பு பாருங்க" என்று கரண்டியோடு பின்னாலேயே ஓடினார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமை. வெளியே, "வெந்நீருக்கு உப்பு போட்ட மாதிரி இருக்கு" என்பாள்.

மார்லிஸ் மட்டும் பேசவில்லை. கார்ட்னர் மன்னிப்புக் கேட்கப் போனான், கதவு திறக்கவில்லை. லவோன் சுட்டுவைத்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக. எங்கள் ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை, ஒரு துண்டு ரொட்டியாவது இருக்கும். லவோன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே நின்றாள். வலித்தது. நன்றாகவே வலித்தது.

அக்டோபரில் பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் பெரிய ஆட்டம். சனிக்கிழமை நண்பகல். புல்தரையில் ஒலிபெருக்கி, வறுத்த இறைச்சி வாசம், கூச்சல். லவோன் உள்ளே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"லவோன் ப்ரெக்கே!"

அந்தக் குரலைக் கேட்டு ஆறு மாதம்.

"என் ஜன்னல் ஆடுது. உனக்குக் காது அடைச்சுப்போச்சா?"

அப்போதுதான் லவோன் காது கொடுத்துக் கேட்டாள். அலமாரியில் கரண்டிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் கவனிக்கவே இல்லை, பழகிவிட்டிருந்தது.

"தட்டினா ஒருத்தர் வந்து நிப்பாங்கன்னு ஊரைக் கூட்டிச் சொன்னியே? தட்டறேன். வந்து நில்லு."

லவோன் வெளியே போய் ஒலிபெருக்கியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். "அம்மா, என்னம்மா" என்று பையன்கள் சூழ்ந்தார்கள். இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல், கையில் வெண்ணெயோடு தெருவைக் கடந்து மார்லிஸின் படியில் போய் நின்றாள்.

மார்லிஸ் கதவைத் திறந்தாள். திட்டினாள். பாட்டுக்குத் திட்டினாள், மன்றத்துக்குத் திட்டினாள், தன்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாததற்குத் திட்டினாள். ரே போன அன்றைக்கு அந்த வாசலில் வைத்து யாரையும் திட்ட முடியாமல் திரும்பி வந்ததற்கும் சேர்த்துத் திட்டினாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. லவோன் தலையைக் குனிந்து, ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டாள். கண்ணீர் முகவாயில் வழிந்தது, வெண்ணெய்க் கையால் துடைத்துக்கொண்டாள். எதிரே புல்தரையில் நாற்பது பேரும் நின்று பார்த்தார்கள்.

மார்லிஸுக்கு மூச்சு வாங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரமும் சத்தம் கேட்டா கூப்பிடுவேன்."

"கூப்பிடு."

"அதுக்கடுத்த வாரமும் கூப்பிடுவேன்."

"கூப்பிடுடி. நான்தான் வருவேன்."