மீன் பிடிக்காத தூண்டில்

போன ஆடியில் ஒரு நாள் காலை, என் சகலை தன் தறிக்கூடத்து வாசலில் ஆளுயரப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பார்சலில் வந்த குழாய். மூடி கழன்றதும் உள்ளேயிருந்து பத்துப் பதினைந்து கறுப்புத் தண்டுகள் சரசரவென்று தரையில் சரிந்தன. வளையம் இல்லை, கைப்பிடி இல்லை; வெறும் தண்டு. தொழிலில் அதை பிளாங்க் என்பார்கள். குழந்தையைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேசைமேல் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். மஸ்கட்டில் சுற்றுலா மீன்பிடிப் படகில் பல வருடம் எஞ்சின் பார்த்துவிட்டு வெண்ணந்தூருக்குத் திரும்பியவர். நான்கு தறியில் இரண்டை விற்று, அந்த இடத்தில் பட்டத் தூண்டில் கட்ட ஆரம்பித்தார். படகிலிருந்து பட்டம் விட்டு, அதன் நூலில் தூண்டில் கயிற்றைக் கிளிப்பால் மாட்டிவிட்டால் இரை படகுக்கு வெகு தூரத்தில் நீர்மட்டத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். மீன் கவ்வியதும் கிளிப் கயிற்றை விட்டுவிடும். மீனோடு போராடுவது வேறு தூண்டில். சகலை செய்வது பட்டத்தைப் பிடித்திருக்கும் குட்டைத் தூண்டில். அதில் ஒருநாளும் மீன் மாட்டாது. "கடலில்லாத ஊர்ல, மீன் புடிக்காத தூண்டில் செய்யறாருங்க நம்ம அண்ணன்" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். "எங்க ஊட்டுலயும் அதையேதாஞ் சொல்றாங்க" என்று இவரும் சேர்ந்து சிரிப்பார்.

அன்றைக்கு வந்த தண்டுகளில் ஒன்று என் மகளுக்கு. மீன்வளம் படித்துவிட்டு, எனக்குப் பிடிக்காமலேயே, தூத்துக்குடியில் ஒரு படகில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் ராசிபுரத்தில் கணக்கு வாத்தியார். வானிலைச் செய்தியில் காற்று என்ற சொல் வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. விடுமுறையில் வந்திருந்தவள் தனக்கொரு பட்டத் தூண்டில் வேண்டுமென்று சித்தப்பாவிடம் கேட்டிருந்தாள். நானும் கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

சகலை ஒரு தண்டை மேசையில் உருட்டிப் பார்த்தார். கோணல் இருந்தால் தத்தித் தத்தி உருளும். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். கடைசியாக அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவில் லேசாக அழுத்தினார். தண்டு தானாகவே புரண்டு ஒரு பக்கமாக நின்றது. எந்தத் தண்டுக்கும் ஒரு பக்கம் விறைப்பு அதிகமாம். அதற்கு அவர் முதுகு என்று பேர் வைத்திருந்தார். அந்தப் பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு. வளையங்களை அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

என் கை பெரிய தண்டு ஒன்றின்மேல் இருந்தது.

"இதக் குடுங்க சகலை. நல்லாத் தாட்டியா இருக்குது."

"ஏனுங்க, புள்ள மீனுக்குப் போகுதா, மாடு மேய்க்கப் போகுதா?"

மகள் சிரித்தாள். "அப்பா, காத்து திடீர்னு இழுத்தா தண்டு கொஞ்சம் குனியணும். குனியலைன்னா நூல் அறுந்துரும். இல்லைன்னா படகு விளிம்புல தண்டை மாட்டியிருக்கிற தாங்கியையே பிச்சுக்கிட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, சற்று மெலிந்த ஒன்றை அவளே அழுத்திப் பார்த்து எடுத்தாள். "அதாஞ் சாமி, அதையே வெச்சுக்க" என்று சகலை அதற்கும் முதுகு பார்த்துக் கோடு போட்டார்.

இருவரும் சாப்பிட உள்ளே போனார்கள். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மெலிந்த தண்டின் கோட்டை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, பெரியதில் அதேபோல் ஒரு கோடு போட்டு இடம் மாற்றி வைத்தேன். என் பிள்ளை கையில் உறுதியானது இருக்கட்டும் என்ற ஒரே நினைப்பு. கை கழுவிக்கொண்டு போய் மூன்று தோசை தின்றேன். கட்டி முடித்த தூண்டிலைச் சகலை நேராகத் தூத்துக்குடிக்கே அனுப்பிவிட்டார்; நான் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குக் கரைக்கு வரவேண்டிய அவள் படகு வரவில்லை. போன் போகவில்லை. கடலில் காற்று எழும்பியிருப்பதாகத் துறைமுகத்தில் சொன்னார்கள். கயிறு அறுவதும், படகு விளிம்பு பிய்ந்து அவளையும் இழுத்துக்கொண்டு போவதும் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தன. மனைவியிடம் சொல்லத் தைரியமில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வெண்ணந்தூருக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சகலை, நாந்தான் மாத்தி வெச்சேன்! அந்தத் தடிய நாந்தான் குடுத்து அனுப்பிட்டேன்!"

அவர் தறியை நிறுத்தினார். என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு ஆணிக்கு நடுவில் என் பெரிய தண்டு கிடந்தது. அதன்மேல் கொழுந்தியாளின் இரண்டு சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வளையங் கட்டறப்ப அழுத்திப் பாத்தேனுங்க. கோடு ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் நிக்குது. நம்ம வாத்தியார் வேலைதான்னு தெரிஞ்சுபோச்சு. புள்ள எடுத்ததையே தேடிக் கட்டி அனுப்பிட்டேன்."

"ஏன் சொல்லலீங்க?"

"சொன்னா அடுத்து எதையாச்சும் மாத்துவீங்க. உக்காருங்க, தண்ணி குடிங்க. புள்ள வந்துரும்."

ஐந்து மணிக்கு மகள் அழைத்தாள். காற்று அடங்கட்டும் என்று ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்களாம். அங்கே சிக்னல் இல்லை. தூண்டில் நன்றாகக் குனிந்து கொடுத்தது என்று அவள் சொன்னதை, சகலைக்கும் கேட்கும்படி திரும்பச் சொல்லச் சொன்னேன். சகலை போய், நிறுத்தியிருந்த தறியை மறுபடி ஓட்டினார்.

அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போன் அடித்தால் மணியைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். மறைத்தால் இன்னும் மோசமாகிறது என்று நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா, கோட்டை எந்தப் பக்கம் போட்டீங்க?"

"கண்ணுக்கு நேரா தெரிஞ்ச பக்கம்."

"அழுத்தியே பாக்கலையா?"

"இல்லை சாமி."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். போனில் காற்றும் இரைந்துகொண்டிருந்தது. அவள் சிரித்து முடிக்கும்வரை நான் காற்றைக் கவனிக்கவே இல்லை.