கோபுரத்து ஜன்னலில் மச்சான்

தெருவில் எல்லோரும் அவரைக் கோட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக இருந்ததோ இரண்டு நாற்காலி போட்ட ஒரு சலூன். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாகப் பஸ் ஏறிவிடுவார். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, எங்கே இடிந்த கோட்டை இருந்தாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும். யார் கட்டினான், யார் இடித்தான் என்பதெல்லாம் அவருக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். கூரையில்லாத அறையில் நின்று, இங்கே அடுப்பு எரிந்திருக்கும், இங்கே யாராவது குறட்டை விட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம். மேலே மட்டும் ஏற மாட்டார். உயரம் என்றாலே உள்ளங்கால் கூசும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவியின் அண்ணன் காரோடு வந்து நின்றார். சிமெண்ட் கடைக்காரர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தக் குட்டிச்சுவத்துல? நானும் பாத்துடறேன், வா மாப்ளே."

மனைவி தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. அவசரமாகத் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி இருந்தது. இருவர் மட்டும் போனார்கள்.

குன்றின் மேல் இருந்தது கோட்டை. வாசலில் ஒரு காவலாளி. பார்க்க வந்தவர்கள் வேறு யாரும் இல்லை. உள்ளே போனதிலிருந்து மச்சானின் வாய் ஓயவில்லை. "நாலு மூட்டை சிமெண்ட் போட்டா நிமிந்துடும் மாப்ளே, எல்லாம் சோம்பேறித்தனம்." மூலைக் கோபுரம் உள்ளே வெறும் கூடு. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி மேலே போயின கல்படிகள். குறுக்கே ஒரு சங்கிலியும், ஏறக் கூடாது என்று ஒரு பலகையும்.

"மச்சான், போர்டு போட்டிருக்கு."

"போர்டு எல்லாம் உன்னை மாதிரி ஆளுங்களுக்கு."

சங்கிலியைத் தாண்டி ஏறினார். கோட்டைக்காரருக்கு வேறு வழி தெரியவில்லை; சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். உச்சியில் ஒரு ஜன்னல் மாடம். மச்சான் அதில் கால் வைத்ததும் பின்னால் சடசடவென்று சத்தம். கடைசிப் படிகள் பெயர்ந்து கீழே போய் விழுந்தன. புழுதி அடங்கியபோது மச்சான் மாடத்தில் நின்றிருந்தார். கோட்டைக்காரர் கீழே, மிச்சமிருந்த படியில். நடுவே வெற்றிடம். கை நீட்டினாலும் எட்டாது.

சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாளி கீழேயிருந்து கத்தினான். "தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிட்டேன் சார்! நீங்களாவது எறங்கி வாங்க, அந்தப் படியும் நிக்காது!"

இறங்கிவிடத்தான் அவர் உடம்பு துடித்தது. நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். முகம் வெளுத்து, சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்ல... மாத்திரை மட்டும் போட்டேன்."

சர்க்கரைக்கான மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் மயக்கம் வரும். மாடம் ஓர் ஆள் நிற்கிற அளவுதான், உட்காரக்கூட இடமில்லை. ஆறுதலாக ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பதில் "ம்" என்று குறுகியது. பிறகு அதுவும் இல்லை. மச்சானின் தலை மெல்ல முன்னால் சரிந்தது.

"மச்சான்!" என்று அலறினார். "உங்க வீட்டுக்கு வரணும்னா உங்க தங்கச்சி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறா தெரியுமா?"

தலை லேசாக நிமிர்ந்தது.

"வந்தா அடுப்படிதானே அவளுக்கு? ஒரு தடவையாவது, உக்காரும்மான்னு சொல்லியிருக்கீங்களா? உங்க அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப குளிப்பாட்டினது யாரு? நீங்க பழம் வாங்கிட்டு வந்து அஞ்சு நிமிஷம் அழுதுட்டுப் போவீங்க!"

"டேய்!" மச்சானின் கண்கள் முழுதாகத் திறந்தன. முதுகு சுவரில் ஒட்டியது. "எங்கம்மாவப் பத்தி நீ பேசாதே!"

"பேசுவேன்! என்ன பண்ணுவீங்க? எறங்கி வந்து அடிப்பீங்களா?"

"நீ ரொம்ப யோக்கியனா? வாரத்துல ஒரு நாள் லீவு. அதுக்கும் இடிஞ்ச செவுத்தப் பாக்க ஓடிடற. அவ தனியா மிஷினோட உக்காந்திருக்கா. வர்றியான்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?"

அது உண்மை. கோட்டைக்காரர் கேட்டதே இல்லை. அவர் காலடியிலிருந்து ஒரு கல் நழுவி விழுந்தது. கீழே மோதும் சத்தம் வர நேரமானது. சுவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே மச்சானுக்கு மறுபடி கண் சொருகுவதைப் பார்த்துவிட்டார்.

"நிறுத்தாதீங்க! திட்டுங்க! இன்னும் திட்டுங்க!"

மச்சான் திட்டினார். நாக்குக் குழற, மூச்சு வாங்க, கல்யாணப் பந்தலில் ஆரம்பித்து வரிசையாகத் திட்டினார். இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏணியோடு ஆட்கள் வந்து சேர்ந்தபோது, உள்ளே இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தார்களாம். மச்சானைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கோட்டைக்காரரின் விரல்களைச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியும் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அங்கே என்ன நடந்தது என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். ஒரு மாலை சலூன் கதவு திறந்தது. மச்சான் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"அன்னைக்குச் சொன்னதெல்லாம் நிஜமாத்தான் சொன்னியா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

கோட்டைக்காரர் துண்டை உதறி மடித்தார். "நீங்க சொன்னதுல?"

"நானும் பாதிதான்."

அதற்கு மேல் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மச்சான் போனபின் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தவர், மிஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"வர்ற செவ்வாய்க்கிழமை நீயும் வர்றியா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "எங்க?"

"நீ சொல்லு."

"இடிஞ்சு கெடக்காத எடமா இருந்தா வர்றேன்" என்றாள்.