பின்னால் உட்கார்ந்தவர்

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் பூட்டுக்காரர். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். நடுவில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் பூட்டைத்தான் திட்டுவார்கள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பேச வேண்டிய இடத்திலும் பேச மாட்டார், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறாள். டிப்போவில் அவளை டிரைவரம்மா என்பார்கள். அவரும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் குரல் போட்டால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து டிக்கெட் எடுப்பான். வார நாட்களில் ஒருவர் வீடு திரும்பும்போது மற்றவர் தூக்கத்தில் இருப்பார். கழுவிக் கவிழ்த்த தட்டுகளைப் பார்த்துத்தான் அடுத்தவர் சாப்பிட்டாரா என்று தெரிந்துகொள்வார்கள். சனிக்கிழமை காலையில் காரின் தலையில் கயாக் படகை ஏற்றிக் கட்டும்போதுதான் இருவரும் மறுபடி புருஷன் பெண்டாட்டி ஆவார்கள்.

அந்தக் கயாக் வந்த கதையைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல முடியாது. பூட்டுக்காரரின் அம்மா பக்கவாதத்தில் விழுந்து ஆறேழு வருடம் படுக்கையில் கிடந்தாள். தூக்கி உட்கார வைத்தது, குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது எல்லாம் மருமகள். மகன் மருந்து வாங்கி வந்தார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "இனிமே இன்னொரு உடம்ப என்னால தூக்க முடியாதுங்க. அது யாரா இருந்தாலும் சரி." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் மறந்திருப்பார்.

அடுத்த மாதமே ஒரு பழைய இரட்டை இருக்கைக் கயாக்கும், ஒழுகாத டென்ட் ஒன்றும் வாங்கினார்கள். ஊருக்கு வெளியே பெரிய ஏரி, அதன் கரையில் முகாம் போட அனுமதித்த புல்வெளி. அவள் கிண்டலுக்குக் கிண்டல், சிரிப்புக்குச் சிரிப்பு என்று பழைய ஆளாக மாறுவது அங்கேதான். இரட்டைக் கயாக்கில் பின்னால் இருப்பவர்தான் திசை திருப்ப வேண்டும். முதல் நாளே அவள் முன்னால் ஏறிக் காலை நீட்டிவிட்டாள். வாரம் பூராவும் நான் ஓட்டுகிறேன், இந்த இரண்டு நாளாவது நீங்கள் ஓட்டுங்கள் என்றாள். பஸ்ஸில் பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது, இதில் அந்தத் தொல்லை இல்லை என்று வேறு சொல்லிச் சிரித்தாள். பின்னால் இருந்து அவர் "இடது, வலது" என்று தாளம் சொல்வார். அவள் அதற்கேற்பத் துடுப்புப் போடுவாள்.

கை ஓயத் தொடங்கியது கடையில்தான். அரத்தைப் பிடித்தால் நழுவியது. வெட்டிக் கொடுத்த சாவிகள் திரும்பி வந்தன. மெஷின் மேல் பழி போட்டார். அதுவரை எதன் மேலும் பழி போடாதவர். பிறகு யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனார். நரம்பு சம்பந்தப்பட்டது, கையோடு நிற்காது, கால்களுக்கும் இறங்கும், நிறுத்த மருந்து கிடையாது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பூட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் படுக்கையில் கிடந்து புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் விட்டுவிட்டுப் போனால் அதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. போக மாட்டாள், மறுபடி அதே வேலைக்கு வந்து நிற்பாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் வாயைப் பூட்டிக்கொண்டார். தொழில் தெரிந்தவர், நன்றாகவே பூட்டினார்.

வார இறுதிகளை விட்டால் சந்தேகம் வரும். விடவில்லை. டென்ட் முளைகளை அவள் அடிக்கட்டும் என்று, தனக்குத் திடீரென்று சமையலில் ஆசை வந்ததாகச் சொல்லி ஸ்டவ் முன்னால் உட்கார்ந்துகொண்டார். தண்ணீரில் கரையோரமாகவே போகச் சொன்னார். கேட்டால் பறவை பார்க்கலாம் என்றார். அவருக்குக் காக்கையைத் தவிர எந்தப் பறவையும் தெரியாது. துடுப்பைத் தண்ணீரில் சும்மா இழுபட விட்டு, "இடது, வலது" என்று மட்டும் விடாமல் சொன்னார். முன்னால் இருப்பவளுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? கொஞ்ச நாளாகப் படகு கனக்கிறதே என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். உன் சமையலைத் தின்று நான் கனத்துவிட்டேன் என்றார். இப்போது சமைப்பது யார் என்று அவள் திருப்பிக் கேட்டுச் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரி நடுவில் இருக்கும் திட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அவர் நாலைந்து சாக்குச் சொன்னார். "எனக்கே காது குத்துறீங்களா? வாங்க" என்று லைஃப் ஜாக்கெட்டை அவர் மேல் எறிந்தாள். போகும்போது காற்று முதுகில் இருந்தது, படகு தானாகவே போனது. திட்டில் ரொட்டி தின்றுவிட்டுத் திரும்பினபோது அதே காற்று முகத்தில் அறைந்தது. தண்ணீர் கறுத்து, அலை எழும்பி, மடியில் வந்து விழுந்தது.

பாதி ஏரியில் அவர் விரல்கள் விட்டுவிட்டன. துடுப்பு கையிலிருந்து சரிந்து தண்ணீரில் விழுந்ததை அவர் பார்த்தார். எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினார். கை பாதியிலேயே நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எந்த மடையனும் சொல்லியிருப்பான். இவர் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு, "இடது, வலது" என்று தாளத்தைத் தொடர்ந்தார்.

அவள் மூச்சு வாங்க வாங்கத் துடுப்புப் போட்டாள். படகு நகரவில்லை. பின்னால் பிடிக்க ஆளில்லாததால் மெல்ல மெல்லக் குறுக்கே திரும்பி, வந்த பக்கமே தள்ளப்பட்டது. வலது பக்கம் நன்றாக இழுங்கள் என்று கத்தினாள். இழுக்கிறேன் என்றார். படகு இன்னும் கொஞ்சம் திரும்பியதும், தூரத்தில் அலைமேல் மஞ்சளாக ஒன்று மிதப்பது அவள் கண்ணில் பட்டது.

"ஐயோ பாவம், யாரோ துடுப்ப விட்டுட்டாங்க" என்றாள்.

இரண்டு தடவை துடுப்புப் போட்டிருப்பாள். பிறகு அவள் கை நின்றது. அந்தத் துடுப்பின் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அவருக்குக் கை வழுக்காமல் இருக்க அவளே சுற்றிக் கொடுத்தது. ஒடுங்கிய இருக்கையில் இடுப்பை முறுக்கிக்கொண்டு, அந்தப் படகில் ஏறிய நாளிலிருந்து முதல் தடவையாக அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. வாய் மட்டும் "வலது" என்று சொல்ல ஆரம்பித்து நின்றுபோயிருந்தது.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். காற்றில் பாதி வார்த்தைகள் போயின. ஆனாலும் கையோடு நிற்காது என்றது அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் முன்பக்கம் திரும்பி, ஒற்றை ஆளாகப் படகை நேராக்கி, காற்றை எதிர்க்காமல் பக்கவாட்டில் கிட்டத்தில் தெரிந்த கரையைப் பார்த்துத் துடுப்பு வலிக்க ஆரம்பித்தாள். தோள் எலும்புகள் ஜாக்கெட்டுக்கு அடியில் ஏறி இறங்கின.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அன்னைக்குச் சொன்னது எனக்கு மறக்கல" என்றார். "நீ போயிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். எங்கயாச்சும் ஒரு ஹோம்ல சேர்த்துட்டுப் போயிடு."

அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது. "என்னால முடியாதுங்க" என்றாள் கடைசியில். "சும்மா சொல்லல. நிஜமாவே முடியாது. என் இடுப்பு போச்சு. எனக்கு பயமா இருக்கு." சொல்லிக்கொண்டே துடுப்பைப் போட்டாள், ஒரு தடவை கூட நிறுத்தவில்லை.

கரை தட்டியதும் அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். அவர் எழ முயன்றார். வெகுநேரம் மடங்கிக் கிடந்த கால்கள் அசையவில்லை. கால்கள் சொல் கேட்காமல் போனது அன்றுதான் முதல். இன்னொரு முறை முயன்றார். பிறகு அவளைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் இடுப்பில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு குனிந்து, அவர் முழங்கால்களுக்கு நடுவே தன் முழங்காலைக் கொடுத்து, இரண்டு கைகளையும் அவர் அக்குளுக்குள் நுழைத்து முதுகில் கோத்துக்கொண்டாள்.

"கழுத்தப் பிடிச்சுக்கங்க. நான் சொல்றப்ப எந்திரிக்கணும்."

அந்தப் பிடி அவருக்குத் தெரியும். அம்மாவின் அறை வாசலில், கையில் டீயோடு நின்று தினமும் காலையில் பார்த்ததுதான். எவ்வளவு சுலபமாகத் தூக்குகிறாள் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். இப்போது அவர் கைகளை மெல்லத் தூக்கி அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டார். அவள் எண்ணி முடித்துத் தூக்கியபோது அந்தக் கழுத்து வெடவெடவென்று நடுங்கியது. அம்மாவைத் தூக்கியபோதும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். வாசலில் நின்றவருக்கு அது தெரியவே இல்லை.